50இல் வேலையை விட்டால் 55 வரை ஈ.பி.எஃப் கையில் வராது: கொழும்பில் தாக்குப்பிடிக்க முடியுமா?

கடலோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 49, வருகிற மே மாதம் 50. மனைவிக்கு 46, திருமணத்துக்கு முன் ஆறு வருடம் தனியார் கம்பனியில் வேலை செய்தவர், இப்போது வீட்டில். ஒரே மகள் உயர்தரம் கணிதப் பிரிவு, அடுத்த முறை பரீட்சை. வெள்ளவத்தையில் சொந்த மாடிவீடு, கடன் இல்லை.

கையில் இருப்பது: வங்கி எஃப்.டி (நிலையான வைப்பு) 2 கோடி 60 லட்சம். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) 95 லட்சம். ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) 14 லட்சம். சம்பளம் 320,000 (அடிப்படை 200,000, மிச்சம் வாகன, எரிபொருள் கொடுப்பனவுகள்). வருகிற மே மாதத்தோடு 22 வருடம் ஆகும், அதனால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) 160,000 × 22 = 35 லட்சத்து 20 ஆயிரம் என்று போட்டிருக்கிறேன்.

மாதச் செலவு 210,000. சாப்பாடு 70, கார் 38, டியூஷன் 30, கரண்ட்-காஸ்-தண்ணீர்-போன் 24, மாடிவீட்டு மெயின்டனன்ஸ் 12, கலியாணம் கோயில் கொடுக்கல் வாங்கல் 16, மருந்து 10, சில்லறை 10. எல்லாம் ஆயிரத்தில்.

எஃப்.டி வட்டி 8 வீதம் என்றால் மாதம் 173,000 வருகிறது. குறைகிற 37,000ஐ மட்டும் பணிக்கொடையில் இருந்து எடுத்தால் அதுவே ஏழெட்டு வருடம் ஓடும். அதற்குள் ஈ.பி.எஃப் வந்துவிடும். வருடச் செலவின் 25 மடங்கு இருந்தால் போதும் என்று ஒரு கணக்கும் சொல்கிறார்கள், அதற்கு நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்றும் தெரியவில்லை. மே மாதம் கடிதம் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

தராசு எழுதியது:

அண்ணா, கணக்கில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. வட்டி முழுதையும் செலவுக்கு எடுக்கலாம் என்டு வைச்சிருக்கிறீங்கள். அந்த 8 வீதத்தில பெரும்பகுதி, முதலின்ர பெறுமதி கரையாமல் இருக்கத் திரும்பப் போட வேண்டிய காசு. மத்திய வங்கியின்ர பணவீக்க இலக்கே 5 வீதம். நான் 6 வீதம் போடுறன். 1.08ஐ 1.06ஆல பிரிச்சுப் பாருங்கோ: உண்மையான வட்டி 1.9 வீதம்தான். 2024 செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணில பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழ போனதைப் பார்த்து மனம் ஆறக்கூடாது. அதே சுட்டெண் 2022 செப்டெம்பரில 69.8 வீதம் காட்டினது. இளைப்பாறினவருக்கு அப்பிடி ஒரு வருஷம் வந்தாலே சேமிப்புக் கரையக் காணும்.

இப்ப உங்கட எண்களையே வைச்சு ஓடுவம். ஈ.பி.எஃப் தவிர்ந்த கையிருப்பு 309.2 லட்சம். வருஷச் செலவு 25.2 லட்சம், ஒவ்வொரு வருஷமும் 6 வீதம் ஏறும். வருஷத் தொடக்கத்தில செலவை எடுத்துப்போட்டு மிச்சத்தை 8 வீதத்துக்குப் போடுறதாக வையுங்கோ. முதல் வருஷ முடிவில 306.7. பிறகு 302.4, 296.0, 287.3, 275.9. ஐஞ்சு வருஷத்தில 33 லட்சம்தான் குறையுது, வங்கிப் புத்தகத்தைப் பார்த்தால் ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஐஞ்சு வருஷத்தில செலவு 25.2இல இருந்து 33.7 லட்சத்துக்கு ஏறியிருக்கும்.

ஈ.பி.எஃப்புக்கு 9 வீதம் போடுறன். 2023க்கு 13, 2024க்கு 11 அறிவிச்சவைதான், ஆனால் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில ஈ.பி.எஃப் மாத்தி எடுத்த அரசாங்க முறிகளுக்கு (கடன் பத்திரங்கள்) 2025 வரைக்கும் 12, அதுக்குப் பிறகு 9 வீதம் என்டபடியால் 9ஐ நம்புறது பாதுகாப்பு. 95 லட்சம் 55 வயதில 146 லட்சம் ஆகும். எல்லாம் சேர்த்து 422 லட்சம். அப்ப இருக்கிற செலவின்ர பன்னிரண்டரை மடங்கு. 1.9 வீத உண்மை வட்டியில அது 14 வருஷம் ஓடும். 69 வயதில முடியும். அப்ப உங்கட மனைவி அக்காவுக்கு 66.

25 மடங்கு என்டது 1994இல வில்லியம் பெங்கன் என்ட அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கில இருந்து வந்தது. வருஷம் 4 வீதம் எடுத்தால் 30 வருஷம் தாங்கும் என்டது அமெரிக்கப் பங்கு, முறிகளின்ர பழைய வரலாற்றை வைச்சு. எங்கட எஃப்.டிக்கு அதைத் தூக்கிப் பொருத்த ஏலாது. இஞ்ச 35 வருஷத்துக்கு வேணும் என்டால், உண்மை வட்டி 3 வீதம் கிடைச்சால் 22 மடங்கு, 1.9 என்டால் 26, ஒண்டுமே மிஞ்சாட்டி 35 மடங்கு. அக்காவின்ர 85 வயது வரைக்கும் கணக்குப் போட்டால் 28. அவ உங்களை விட இளமை, அந்த எண்ணைத்தான் நியாயமாப் பார்க்க வேணும்.

இப்போதைக்கு இலகுவான 26ஐயே எடுப்பம். 210,000 செலவுக்கு 6 கோடி 55 லட்சம் வேணும். உங்களிட்ட ஈ.பி.எஃப்போட 4 கோடி 4 லட்சம். அது தாங்குறது மாதம் ஏறக்குறைய 130,000. கேள்வியை அங்க இருந்து தொடங்குங்கோ: 130,000க்கு வாழ ஏலுமா?

அளவுகோல் எழுதியது:

தராசு சொன்ன 4 கோடி 4 லட்சத்தில் முதலில் ஒரு திருத்தம். பணிக்கொடை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடப்படுவதில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். அதில் சம்பளம் என்பது அடிப்படையும் வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையும்தான். வாகன, எரிபொருள் கொடுப்பனவுகள் சேராது. ஆகவே உங்களுக்கு 100,000 × 22 = 22 லட்சம். கம்பனி விரும்பிக் கூடக் கொடுத்தால் நல்லது, அதை எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள். இதனால் 13 லட்சம் குறைந்து கையிருப்பு 3 கோடி 91 லட்சம் ஆகிறது. தாங்கும் மாதச் செலவு 125,000 அளவில் வந்து நிற்கும்.

"பூர்த்தியான" என்ற சொல் முக்கியம். நியமனக் கடிதத்தை எடுத்துத் திகதியைப் பாருங்கள். 22ஆவது வருடம் மே 20இல் பூர்த்தியாகிறது என்றால் மே 15இல் விலகினால் 21 வருடத்துக்குத்தான் காசு. ஐந்து நாளுக்கு ஒரு லட்சம் போய்விடும். முன்னறிவித்தல் காலம் முடிகிற நாளைத்தான் எண்ண வேண்டும், கடிதம் கொடுக்கிற நாளை அல்ல. வருடாந்தச் சம்பள உயர்வு ஏப்ரலிலோ ஜூலையிலோ வருமென்றால் அதையும் தாண்டி விலகுங்கள், ஏனென்றால் 22 வருடத்துக்கும் பெருக்கப்படுவது கடைசிச் சம்பளம். பணிக்கொடை 30 நாளுக்குள் கொடுபட வேண்டும். முதல் 1 கோடிக்கு வரி வீதம் பூச்சியம்.

ஈ.டி.எஃப் வயது பார்க்காது, வேலை விட்டதும் எடுக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்ததுக்கு ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வேறு இடத்தில் வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

ஈ.பி.எஃப் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. விலகிய பிறகும் இருப்புக்கு வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கும் வழி 2015இல் இருந்து உண்டு. அதைச் செலவுக்கு நம்பித் திட்டம் போடுவது சரியல்ல. மனைவியின் ஆறு வருட ஈ.பி.எஃப்பை அப்போது எடுத்தாரா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அவருக்கு 50 வயதாகும்போது, அதாவது உங்களுடையதுக்கு முன்பே, அது கிடைக்கும். பழைய கணக்குகளில் அடிக்கடி வரும் சிக்கல் பெயர்: திருமணத்துக்கு முந்திய பெயர், அடையாள அட்டையில் ஒரு எழுத்து வித்தியாசம், பழைய இலக்க அடையாள அட்டை. நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்தில் இப்போதே சரிபார்த்துத் திருத்துங்கள். பழைய கம்பனி மூடப்பட்டிருந்தால் உறுதிப்படுத்த ஆளில்லாமல் அலைய வேண்டி வரும். உங்கள் கணக்கிலும் பின்னுரித்தாளர் (நீங்கள் இல்லாதபோது காசைப் பெறுபவர்) யார் என்று பாருங்கள். 22 வருடத்துக்கு முன் போட்ட பெயரே அதில் இருக்கலாம்.

வரி. இப்போது சம்பளத்துக்கு மேலே வட்டி ஏறி நிற்பதால் உங்கள் வட்டியின் பெரும்பகுதி 36 வீதப் படியில் விழுகிறது. சம்பளம் நின்றால் நிலைமை தலைகீழ்: 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விலக்கு 18 லட்சம், அதற்கு மேல் முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம். எஃப்.டி, பணிக்கொடை, ஈ.டி.எஃப் மூன்றையும் சேர்த்து 296 லட்சத்துக்கு 8 வீதம் என்றால் 23.7 லட்சம் வட்டி, வரி 34,000 அளவில். ஆனால் வங்கி 10 வீதம் பிடித்துவிட்டுத்தான் தரும், அது 237,000. வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பவர் சுயபிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம். நீங்கள் அதற்கு மேலே நிற்பதால் முடியாது. வரி அறிக்கை போட்டு மீளக் கேட்க வேண்டும், மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கு நவம்பர் 30 கடைசி நாள். அதுவரை மாதம் ஏறக்குறைய 20,000 கையில் இருக்காது. முதல் வருடத் திட்டத்தில் இந்த இடைவெளிக்குத் தனியாகக் காசு வையுங்கள். வங்கி தரும் வரிப் பிடித்தச் சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வைத்தால்தான் மீளக் கேட்கலாம்.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தம்பி, உங்க செலவுப் பட்டியல்ல எது குறையும் எது கூடும்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

டியூஷன் 30 உயர்தரம் முடிஞ்சதும் தானா நிக்கும். கார் 38: வேலைக்குப் போறதுக்குத்தான் அது. வெள்ளவத்தை ஸ்டேஷன்ல இருந்து கோட்டைக்கு ரயில், காலி வீதியில 100, 101 பஸ், அவசரத்துக்கு பிக்மீ த்ரீவீல். மாசம் 12 போதும். காரை நிப்பாட்டி வைக்காதீங்க, வித்துடுங்க. ஓடாட்டியும் இன்சூரன்ஸ், வருமான உத்தரவுப் பத்திரம், புகைப் பரிசோதனை, பெட்டரி எல்லாம் நிக்காது. அதுவும் கடல்காத்துல நிக்கிற கார்.

கரண்ட்ல படி விஷயம் புரிஞ்சுக்கங்க. 60 யூனிட்டுக்குள்ள இருந்தா ஒரு அட்டவணை. தாண்டினா முதல் யூனிட்ல இருந்தே வேற விலை. மூணு பேர் வீடு 60க்குள்ள நிக்கிறது சிரமம், ஆனா 90, 120, 180 படிகளைக் கவனிக்கலாம், ஒவ்வொரு படிக்கும் நிலையான கட்டணமும் ஏறும். கிழமைக்கு ஒருக்கா மீட்டரை நீங்களே பார்த்து எழுதுங்க. சுடுதண்ணி ஹீட்டர் 3.5 கிலோவொட், ஒரு ஆள் பத்து நிமிஷம் குளிச்சா 0.6 யூனிட், ரெண்டு பேர்னா மாசம் 35 யூனிட். கொழும்புச் சூட்டுக்கு அது தேவையே இல்ல. பழைய சீலிங் ஃபேன் 75 வொட். மூணு ஃபேன் பத்து மணித்தியாலம் ஓடினா மாசம் 67 யூனிட். 30 வொட் ஃபேனுக்கு மாத்தினா 27. சம்பளம் வர்ற காலத்துலயே மாத்திடுங்க. ஏ.சி ஒரு அறைக்கு எட்டு மணித்தியாலம்னா மாசம் 120 யூனிட்டாவது போகும், 180ஐத் தாண்ட வைக்கிறது அதுதான். ஃப்ரிட்ஜ் கதவு இறப்பர்ல ஒரு தாளை வச்சு மூடி இழுத்துப் பாருங்க. லேசா வந்துட்டா இறப்பர் போயிட்டுது, குளிர் வெளிய போகுது.

காஸ்: 12.5 கிலோ சிலிண்டர் மேல மாட்டின திகதிய எழுதி வைங்க. கடலை, கௌபி, பயறு இரவே ஊறணும். சுவாலை மஞ்சளா எரிஞ்சு சட்டி அடி கறுத்தா பர்னர் துவாரம் அடைச்சிருக்கு, ஊசியால குத்தி சோப்புத் தண்ணியில கழுவிக் காய வச்சுப் போடுங்க.

சாப்பாடு 70ஐ 58க்குக் கொண்டுவரலாம், வயித்தைக் கட்டாம. அரிசி, பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் மாசத்துக்கு ஒருக்கா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுல. மரக்கறி நாரஹேன்பிட்டி பொருளாதார நிலையம். மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து, மேற்குக் கடல் கொந்தளிப்பு, மீன் விலை ஏறும். அந்த மாசங்கள்ல முட்டை, கருவாடு, பருப்பு. மத்தக் காலத்துல அறக்குளாவ விட்டுட்டு சாளை, சூடை வாங்குங்க.

தேங்காய் 2025 தொடக்கத்துல ஒண்ணு 200 ரூபாயைத் தொட்டப்ப எல்லா வீட்டுக் கணக்கும் ஆடிச்சு. அதுக்காகத் தேங்காய்ப் பால்மா பக்கெட்டுக்குப் போகாதீங்க. ஒரு காயைத் துருவி ரெண்டாப் பிரிச்சு ஃப்ரீசர்ல வைங்க, ரெண்டாம் பாலை மரக்கறிக்கும் முதல் பாலைக் கடைசியில ரெண்டு கரண்டியும் விட்டா ஒரு காய் ரெண்டு நாளுக்கு வரும்.

தூள் வீட்டுலயே வறுத்து மில்லுல திரிச்சா நல்ல மிச்சம். செத்தல் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், மிளகு 100, நற்சீரகம் 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, ரெண்டு பிடி கறிவேப்பிலை. ஒவ்வொண்ணையும் தனித்தனியா வறுக்கணும், மல்லி கையால நசுக்கினா நொறுங்கணும். மில்லுல இருந்து வர்றப்ப தூள் சூடா இருக்கும். அப்படியே போத்தல்ல போட்டு மூடினா மூடிக்கு உள்பக்கம் வேர்த்து, அந்தத் துளி தூள்ல விழுந்து ஒரு மாசத்துல பூஞ்சணம் பிடிக்கும், ரெண்டரை கிலோவும் குப்பைக்குப் போயிடும். பேப்பர்ல பரப்பி முழுசா ஆறின பிறகு, காய்ஞ்ச போத்தல்ல, ஒரு மாசத்துக்கு வேண்டியத மட்டும் வெளிய வச்சு மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல.

கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு 16ல கை வைக்காதீங்க. நாலு பேருக்குப் போய் நிக்கிறது செலவுக் கணக்குல வர்ற விஷயம் இல்ல.

இப்ப கூடுறது. மருந்து 10 போதாது, 22 போடுங்க. வீட்டுக்கு மாசம் 10 தனியா ஒதுக்கணும். கடலுக்குப் பக்கத்துல ஜன்னல் கிரில், ஏ.சி வெளிப்பெட்டி, தண்ணி மோட்டர் எல்லாம் உப்புக்காத்துல துருப்பிடிக்கும். மாடிவீட்டு முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துகிட்ட வருஷக் கணக்கைக் கேட்டு லிஃப்ட் மாத்த, நிறம் அடிக்க நிதி சேர்த்து வச்சிருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா ஒருநாள் எல்லா வீட்டுக்கும் ஒரேயடியா பில் வரும். மாநகர சபைச் சோலை வரிய ஜனவரி 31க்கு முந்தி முழு வருஷத்துக்கும் கட்டினா 10 வீதம் கழிவு.

பில்லுகள் 24ல இருந்து 17. கூட்டிப் பாருங்க: 58, 12, 17, 12, 10, 16, 22, 10. மொத்தம் 157,000.

கடலோரம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பணிக்கொடை விஷயம் தெரியாமலே இருந்திருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. கம்பனி மருத்துவக் காப்புறுதி நின்றால் என்ன செய்வது? 2 கோடி 60 லட்சத்தையும் ஒரே வங்கியில், ஒரு வருட எஃப்.டியாக வைத்திருப்பது சரியா?

நீலப்பேனை எழுதியது:

காப்புறுதி வேலையோடு முடியும், கடைசி நாளோடு. தனிப்பட்ட மருத்துவக் காப்புறுதி எடுப்பதென்றால் வேலையில் இருக்கும்போதே எடுங்கள். முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அந்தக் காலம் கம்பனிக் காப்புறுதி நடக்கும்போதே கழியட்டும். விண்ணப்பத்தில் பிரஷர், சீனி எதையும் மறைக்காதீர்கள். கோரிக்கை நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பல், கண்ணாடி, முழு இரத்தப் பரிசோதனை, எல்லாவற்றையும் விலகுவதற்கு முந்திய ஆறு மாதத்தில் கம்பனிக் காப்புறுதியிலேயே முடியுங்கள்.

தொடர் நோய்களுக்கு அரசாங்க கிளினிக்கை நம்பலாம், நம்பவும் வேண்டும். உங்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. வெளிநோயாளர் பிரிவில் காட்டியோ, விசேட வைத்தியரின் கடிதத்தோடோ கிளினிக்குக்குப் பதிந்தால் ஒரு கொப்பி தருவார்கள். வைத்தியம், மருந்து இலவசம். விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும், அரை நாள் போகும். வேலை விட்டவருக்கு இருக்கிற பெரிய சொத்தே அந்த அரை நாள். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சொல்வார்கள், அதை அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவில் வாங்குங்கள். பிராண்ட் பெயரைக் கேட்காமல் மெட்ஃபோர்மின், லொசார்டன், அட்டோர்வஸ்டட்டின் என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை வித்தியாசம் தெரியும். தனியார் ஆஸ்பத்திரியை அவசர சத்திரசிகிச்சைக்கு என்று வைத்து, அதற்கு 20 லட்சமாவது தனி எஃப்.டியில் கிடக்கட்டும். அதைத் தராசு போட்ட மாதச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எஃப்.டி பற்றி. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைதான். 2 கோடி 60 லட்சத்தை 24 இடத்தில் பிரிக்க முடியாது, தேவையும் இல்லை. பெரிய வங்கிகள் மூன்று நான்காகப் பிரித்து, ஒரு பகுதியைத் திறைசேரி உண்டியலில் (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரம்) போடுங்கள். நிதிக் கம்பனி ஒன்றரை இரண்டு வீதம் கூடத் தருகிறது என்று போனால் 11 லட்சத்துக்கு மேல் வைக்காதீர்கள். 2020இல் மத்திய வங்கி நிதிக் கம்பனிகளின் உரிமத்தை இரத்துச் செய்தபோது இளைப்பாறியவர்கள் பலரின் காசும் மாட்டியது.

எல்லாம் ஒரே நாளில் முதிர்வது இன்னொரு ஆபத்து. 2022 கடைசியில் 364 நாள் திறைசேரி உண்டியல் 29 வீதத்தைத் தொட்டது, 2025இல் 8 வீதத்துக்கு வந்துவிட்டது. உங்கள் முழுக் காசும் புதுப்பிக்கும் நாளில் வீதம் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எட்டுப் பங்காகப் பிரித்து மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி வையுங்கள்: நான்கு பங்கு ஒரு வருடத்துக்குள், மிச்சம் இரண்டு வருடத்துக்குள். மாத வட்டிக்குப் போட்டால் வீதம் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு பங்கு முதிரும்போது செலவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புதுப்பிப்பது இலாபம். இடையில் காசு வேண்டுமென்றால் எஃப்.டியை உடைக்காமல் அதன் மேல் கடன் எடுங்கள். முதிர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது உடைத்து முழு வருட வட்டியில் வெட்டு வாங்குவது அடிக்கடி நடக்கிற பிழை.

மகள் விஷயத்தை யாரும் தொடவில்லை. இந்த முழுக் கணக்கிலும் ஆகப் பெரிய தெரியாத எண் அதுதான். அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் படிப்பு இலவசம், விடுதியும் சாப்பாடும்தான் செலவு. கொழும்பு மாவட்டத்து இசெட் வெட்டுப்புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி) பொறியியலுக்கு எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும். கிடைக்காமல் தனியார் பட்டமோ வெளிநாடோ என்றால் போகிற தொகை உங்கள் கையிருப்பில் ஆழமாக வெட்டும். இசெட் புள்ளி வருவதற்கு முன் கடிதம் கொடுக்காதீர்கள்.

தராசு எழுதியது:

நீலப்பேனை சொன்னதோட முழுக்க உடன்பாடு. கொட்டாஞ்சேனை அக்கா போட்ட 157,000ஐ வைச்சு ஒருக்காத் திரும்பப் பார்ப்பம். திருத்தின கையிருப்பு தாங்குறது 125,000. காரை வித்து 55 லட்சம் வந்தால் (வாகன இறக்குமதி ஐஞ்சு வருஷம் அடைபட்டுக் கிடந்ததால விலை இன்னும் நிக்குது) அதை 26ஆல பிரிச்சால் வருஷம் 212,000, மாதம் 17,500. ஆக 143,000. குறை மாதம் 14,000. மருத்துவத்துக்கு 20 லட்சத்தை ஒதுக்கினால் இன்னும் 6,500 குறையும், மொத்தக் குறை 20,000 சொச்சம்.

210,000க்கு எட்டாத தூரத்தில இருந்தது இப்ப ஒரு பகுதிநேர வேலை அளவுக்கு வந்திட்டுது. வீட்டில இருந்து மாதம் 25,000, 30,000க்குக் கணக்கு எழுதுறதோ, வேற கைத்தொழிலோ 55 வரைக்கும் ஓடினால் போதும் என்டு நினைச்சிடாதேங்கோ, இந்தக் குறை 85 வரைக்குமான குறை. 60 வரைக்கும் மாதம் 58,000 அளவில வந்தால்தான் அடைபடும், அதுவும் விலைவாசியோட சேர்ந்து ஏற வேணும். அல்லாட்டி இன்னும் ரெண்டு வருஷம் வேலை. ரெண்டு வருஷத்தில ஈ.பி.எஃப்புக்கு மட்டும் அடிப்படைச் சம்பளத்தின்ர 20 வீதப்படி 9.6 லட்சம் கூடும், எஃப்.டி கைபடாமல் வளரும், தாங்க வேண்டிய காலமும் ரெண்டு வருஷம் குறையும்.

ஒரு வழி இன்னும் இருக்கு. வெள்ளவத்தை வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டு வத்தளை, தெஹிவளை உள்பக்கம் குறைஞ்ச வாடகைக்குப் போறது. வாடகை விலைவாசியோட ஏறும், எஃப்.டி ஏறாது, அதால இது நல்ல காப்பு. ஆனால் ரெண்டு மாசம் வெறுமனே கிடக்கிறது, நிறம் அடிக்கிறது, தரகர் காசு எல்லாம் கழிச்சு வருஷத்துக்குப் பத்து மாச வாடகைதான் வரும் என்டு எழுதுங்கோ. கோயிலும் கடற்கரையும் சொந்தமும் நடக்கிற தூரத்தில இருக்கிற இடத்தை விட்டு உங்கட மனைவி வருவாவோ என்டதை அவவிட்டத்தான் கேக்க வேணும்.

முதல்ல ஒண்டு செய்யுங்கோ. அடுத்த மாதமே காரை நிப்பாட்டி, 157,000ஐ மட்டும் ஒரு தனிக் கணக்கில போட்டு அதிலயே ஆறு மாசம் வாழ்ந்து பாருங்கோ. டியூஷன் காசை அதுக்குள்ள சேர்க்காதேங்கோ. மிச்சச் சம்பளம் வேற வங்கிக்குப் போகட்டும், அட்டை இல்லாத கணக்கு. நாலாம் மாசம் எங்க உடையுது என்டு தெரியும். பெரும்பாலும் சாப்பாட்டில உடையிறதில்லை. பழுதாப்போன வாஷிங் மெஷின், ஊருக்குப் போன பயணம், இப்பிடி மாதப் பட்டியலுக்குள்ள வராததிலதான் உடையும்.

கடலோரம் எழுதியது:

நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், ஜூன் 3. மே மாதம் விலகியிருந்தால் ஒரு வருடப் பணிக்கொடை போயிருக்கும். மனைவி ஈ.பி.எஃப் எடுக்கவில்லை என்கிறார், கணக்கு பழைய பெயரில்தான் இருக்கிறது. இசெட் புள்ளி வரும்வரை கடிதம் இல்லை என்று முடிவு. எஃப்.டிகளை எட்டாகப் பிரிக்க இந்தக் கிழமை வங்கிக்குப் போகிறேன். கவனிக்க ஏதும் உண்டா?

நீலப்பேனை எழுதியது:

படிவத்தில் "முதிர்வில் தானாகப் புதுப்பிக்கவும்" என்பதில் அடையாளம் இட்டிருப்பார்கள். அப்படி விட்டால் அன்றைய சாதாரண வீதத்தில் இன்னொரு வருடத்துக்குப் போய்விடும், நீங்கள் பேசி எடுத்த வீதம் தொடராது. முதிர்வில் வட்டியும் முதலும் சேமிப்புக் கணக்குக்கு என்று எழுதிக் கொடுங்கள். இப்போதைய எஃப்.டிகளைப் பிரிப்பதற்காக உடைக்க வேண்டாம், ஒவ்வொன்றும் முதிர முதிரப் பிரியுங்கள். அதற்குள் வருடம் போய்விடும், உங்களுக்கு அவ்வளவு காலம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மனைவி பெயரைக் கூட்டாகப் போட்டு, "இருவரில் ஒருவர் கையொப்பம் போதும்" என்று எழுதச் சொல்லுங்கள். பழைய பெயர் திருத்தத்துக்கு மனைவியின் திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றின் மூலப் பிரதியையும் கொண்டு போங்கள், நிழற்பிரதி மட்டும் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.